எறும்பு வீட்டுக் கதவு

கல்முனையிலிருந்து மேற்கே வந்தால் கிட்டங்கித் தாம்போதி. மாரி காலத்தில் அதற்கு மேலால் வெள்ளம் பாயும். அதைக் கடந்து சவளக்கடைப் பக்கம் திரும்பினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல். அந்த வயல்களின் நடுவே, திருச்சிலுவைக் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர் எங்கள் சொறிக்கல்முனை. கத்தோலிக்கத் தமிழர் நாங்கள். அயலில் முஸ்லிம் ஊர்களும் சைவத் தமிழ் ஊர்களும். மூன்று சமயத்தாருக்கும் வயல் ஒரே வட்டையில், தண்ணீர் ஒரே வாய்க்காலில்.

எங்கள் ஊரில் நாட்காட்டி சுவரில் தொங்கினாலும் கணக்கெல்லாம் வேளாண்மையோடுதான். ஐப்பசியில் விதைத்து மாசி பங்குனியில் வெட்டுவது பெரும்போகம். சித்திரையில் விதைத்து ஆவணியில் வெட்டுவது சிறுபோகம். "நீ பெரும்போகச் சூடடிப்புக்குப் பிறந்தவன்" என்றுதான் அம்மம்மா என் வயதைச் சொல்வார். செப்டெம்பர் 14ஆம் திகதி திருச்சிலுவைத் திருநாள் வரும்போது சிறுபோக நெல் வீட்டுக்கு வந்திருக்கும், அடுத்த விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கும். கையில் காசு, உடம்பில் ஓய்வு. சொந்தக்காரர் வருவார்கள், புது உடுப்பு வரும், இரவில் கூத்து நடக்கும். ஒரு குடும்பத்தின் அடுத்த ஆறு மாதம் நிறைவதும் குறைவதும் அந்த நாட்களில்தான் தீர்மானமாகும்.

அம்மம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும். திருநாளுக்கு ஒரு சதம் செலவழிக்கும் முன்னரே அவர் விதைநெல்லை ஒதுக்கிவிடுவார். வயலில் கலப்பில்லாமல் ஒரே சீராக விளைந்த துண்டை முன்னரே பார்த்து வைத்து, அந்த நெல்லைத் தனியாக அடிப்பித்து, முற்றத்தில் பாயில் காய வைப்பார். பொழுது சாயும்போது ஒரு மணியை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். 'டக்' என்று முறிந்தால் காய்ந்தது. நசிந்தால் நாளைக்கும் வெயில் வேண்டும். பதம் வந்தபின் நெல்லுக்கு இடையிடையே காய்ந்த வேப்பிலையும் நொச்சியிலையும் போட்டு மூடி வைப்பார். சாப்பாட்டு நெல் வெளியே வைக்கோல் புரி சுற்றிக் கட்டிய பட்டறையில் கிடக்கும். விதைநெல் மட்டும் வீட்டுக்குள், அவர் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில். விதைப்புக்குத் தேவையான அளவோடு அவர் நிறுத்துவதில்லை. மறுவிதைப்புக்கென்று இன்னும் ஒரு பங்கு இருக்கும். ஐப்பசியில் விதைத்ததைக் கார்த்திகை வெள்ளம் அழுகடித்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பார். அரிசிப்பானை காலியாகக் கிடந்த நாளிலும் அந்த நெல்லில் அவர் கை வைத்ததை நான் கண்டதில்லை.

அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாட்டுக் கதை பாடமானது. எழுபதுகளின் கடைசி. எங்கள் தமிழ்ச் சேர் பாட்டுக் கட்டுவதில் வல்லவர். மார்கழி ஒளிவிழாவுக்காக எறும்பும் தத்துவெட்டியும் கதையை அவரே பாட்டாக எழுதி எங்களைப் பாட வைத்தார். வெட்டுக்கிளியை எங்கள் பக்கத்தில் தத்துவெட்டி என்போம். தொடக்கம் இன்றைக்கும் நினைவிருக்கிறது:

மாரி வருமுன்னே மண்மேடு தேடி
வாயில் நெல்லோடு போகுது எறும்பு;
தாரை மழைவந்தால் தங்கிடம் ஏது?
தத்துவெட்டிக்கோ பாட்டொன்றே கரும்பு.

மூலக் கதையில் வருவது பனிக்காலம். பனியை நாங்கள் எங்கே கண்டோம்? சேர் அதை மாரியாக்கினார். எறும்பின் புற்றை வட்டைக்குள் இருக்கும் திட்டியில் வைத்தார். தத்துவெட்டியை வரம்பில் உட்கார்த்தினார். மழைக்கு முன் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கடைசி அடிகளில் தத்துவெட்டி நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டும். கோடை முழுக்கப் பாடினாய் அல்லவா, இனி ஆடு என்று எறும்பு கதவைச் சாத்தும். நான்தான் எறும்பு. கதவைச் சாத்துவதுபோல் கையை ஓங்கி அறைந்து காட்ட வேண்டும்.

வீட்டில் பாடிக் காட்டினேன். அம்மம்மா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். முதலில் தலையாட்டி ரசித்தார். எறும்பு நெல் சேர்க்கும் அடிகளை இன்னொரு முறை பாடச் சொன்னார். முடிவு வந்ததும் இடிப்பதை நிறுத்திவிட்டார்.

"ஏன் மனே, பட்டறையில நெல்ல வெச்சிக்கொண்டு, பசிச்சு வந்தவன வெறுங்கையோட அனுப்பின வீடு உருப்படுமா? அந்த எறும்புக்குப் புள்ளகுட்டி இல்லியா?"

அந்தக் கேள்விக்கு எத்தனை வயது என்பது வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஈசாப் பெயரில் வழங்கும் இந்தக் கதையைப் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபொந்தேன் பாட்டாக்கி, 1668இல் வெளிவந்த தம் நீதிக்கதைத் தொகுதியின் முதற் கதையாக வைத்தார். அவருடைய கதையில் பாடுவது சில்வண்டு. பிரெஞ்சுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதை மனப்பாடம் செய்து வருகிறார்கள். ஆனால் ஒரு நூற்றாண்டு கழித்து, 1762இல் வெளியான 'எமில்' என்ற நூலில், பிள்ளைகளுக்கு இதைக் கற்பிப்பதை ரூசோ கண்டித்தார். பிள்ளை எறும்பின் பக்கமே சாயும். இல்லை என்று சொல்லவும், சொல்லும்போது ஏளனம் செய்யவும் பழகும் என்பது அவருடைய வாதம். பின்னர் பூச்சிகளோடு வாழ்நாளைக் கழித்த ஃபாபர் என்ற பிரெஞ்சு அறிஞர் இன்னொரு உண்மையைச் சொன்னார். சில்வண்டு கடுங்கோடையில் மரப்பட்டையைத் துளைத்துச் சாறு குடிக்கும். அந்தச் சாற்றுக்கு முண்டியடித்துக்கொண்டு வருவது எறும்புதான். பனிக்காலத்தில் பிச்சை கேட்கச் சில்வண்டு உயிரோடே இருப்பதில்லை. எழுத்து வாசனை இல்லாத என் அம்மம்மா, ரூசோவின் பெயரைக் கேள்விப்படாமலே ரூசோ சொன்னதைச் சொன்னார்.

எங்கள் மண்ணில் எறும்புக்கு வேறு கதைகளும் உண்டு. கோயிலில் குருவானவர் நீதிமொழிகள் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பிரசங்கிப்பார். அதிகாரியும் தலைவனும் இல்லாமலே கோடையில் உணவு சேர்க்கும் எறும்பைப் போய்ப் பார் என்று சோம்பேறிக்குச் சொல்லும் பகுதி அது. அப்பாவின் கூட்டாளி, சம்மாந்துறைக் காக்கா ஒருவர், எங்கள் முற்றத்துக் கட்டிலில் உட்கார்ந்து குர்ஆனில் வரும் எறும்பைப் பற்றிச் சொன்னார். அந்நம்ல் என்று எறும்பின் பெயரிலேயே 27ஆவது அத்தியாயம் இருக்கிறது. சுலைமான் நபியின் படை பள்ளத்தாக்குக்கு வரும்போது ஒரு எறும்பு தன் இனத்தைக் கூப்பிட்டு, மிதிபடாமல் வீடுகளுக்குள் போய்விடுங்கள் என்று எச்சரிக்கிறது. சுலைமான் அதைக் கேட்டுப் புன்னகைக்கிறார். நீதிமொழிகளின் சாலமோனும் இந்தச் சுலைமானும் ஒரே அரசர். ஒரு வேதத்தில் அவர் எறும்பின் உழைப்பைப் பார்க்கச் சொல்கிறார். மற்றதில் எறும்பின் குரலைக் கேட்கிறார். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் முன்யோசனை எனக்கு முழுதாக விளங்கியது. வருவதை முதலில் அறிகிறவன் தனக்குச் சேர்த்து வைப்பான். மற்றவர்களையும் கூப்பிட்டு எச்சரிப்பான்.

வேளாண்மையில் இது வெறும் பேச்சு அல்ல. 1949இல் வேலை தொடங்கிய கல்லோயாத் திட்டம் இங்கினியாகலையில் ஆற்றை மறித்துச் சேனநாயக்க சமுத்திரத்தை உருவாக்கிய பிறகு, எங்கள் கரையின் வயல்கள் பலவும் அந்தக் குளத்தின் கணக்குக்குள் வந்தன. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் ஆரம்பக் கூட்டம் நடக்கும். எந்த நாளிலிருந்து எந்த நாளுக்குள் விதைக்க வேண்டும், எத்தனை மாத நெல், தண்ணீர் எப்போது திறபடும், எப்போது பூட்டப்படும், மாடுகளை எப்போது வட்டைக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் அங்கே முடிவாகும். வட்டைவிதானை அதை வயலில் நடத்துவார். ஒருவர் பிந்தி விதைத்தால் அவருக்காக வாய்க்காலில் தண்ணீர் விட வேண்டும். அயல் வயல்கள் வெட்டுக்குக் காயாது. எலியும் பூச்சியும் பிந்திய வயலில் வந்து குவியும். ஒரு ஆளின் சோம்பல் ஒரு வட்டையையே பாதிக்கும். அதேபோல் ஒரு ஆளின் முன்யோசனை தனியாக நின்று பயனில்லை. எல்லாரும் சேர்ந்து குறித்த நாளில் விதைத்தால்தான் எவருடைய நெல்லும் வீட்டுக்கு வரும்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி வந்தது. கிழக்குக் கரையில் அந்த நாளை மறந்த வீடு இல்லை. மாலையில் தொடங்கிய காற்று இரவில் ஊளையிட்டது. எங்கள் கூரையின் கிடுகு முதலில் போனது, பிறகு கைமரமும் போனது. தென்னைகள் முறியும் சத்தம் வெடிபோலக் கேட்டது. கல்வீடு இருந்தவர்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இருட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உள்ளே எடுத்தார்கள். யார், எந்தக் குடும்பம், பழைய கோபமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் அடைக்கலம் புகுந்த வீட்டுக்காரருக்கும் எங்கள் வீட்டுக்கும் வரம்புச் சண்டையில் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம்.

விடிந்து போய்ப் பார்த்தபோது பட்டறை சரிந்து கிடந்தது. சாப்பாட்டு நெல் முழுக்க நனைந்துவிட்டது. இரண்டு நாள் விட்டால் முளைத்துவிடும், மூன்றாம் நாள் நாறிவிடும். அம்மம்மா அழவில்லை. கிடாரத்தை அடுப்பில் ஏற்றி, விழுந்த தென்னையின் மட்டையையே விறகாக்கி, நனைந்த நெல்லை அவிக்கத் தொடங்கினார். அவித்த நெல் முளைக்காது, அரிசியாக்கிவிடலாம். அயலவர்களும் தங்கள் நனைந்த நெல்லைக் கொண்டுவந்தார்கள். பெண்கள் முறை வைத்து இரவு பகலாக அவித்தார்கள். வெயில் எட்டிப் பார்க்கும் நேரமெல்லாம் கோயில் முற்றத்தில் பரப்பினார்கள். எந்த நெல் எந்த வீட்டினுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி கலந்துபோயிற்று. கடைசியில் வாய்களை எண்ணித்தான் பங்கிட்டார்கள்.

விதைத்து முளைத்திருந்த வயல்களில் தாழ்வானவை எல்லாம் வெள்ளத்தில் அழுகின. மறுபடி விதைக்க வேண்டும். அம்மம்மா ஒதுக்கி வைத்த விதைநெல்லில் சரிபாதி நனைந்து கெட்டது, மீதி தப்பியது. அது எங்கள் வயலுக்கு ஓரளவு காணும். அவர் அதில் ஒரு பங்கை அளந்து, வரம்புச் சண்டைக்காரர் வீட்டுக்கு முதலில் அனுப்பினார். சில நாளில் தாம்போதித் தண்ணீர் வடியவும் சம்மாந்துறைக் காக்கா மாட்டு வண்டியில் மூன்று மாத நெல்லின் விதை கொண்டுவந்து இறக்கினார். "தம்பி, இது கடன் இல்ல. எங்கட நெல்லில உங்களுக்கும் ஹக் இருக்கு" என்றார் அப்பாவிடம். ஹக் என்றால் உரிமை. மழையில் விளைந்ததில் பத்தில் ஒன்று, செலவு செய்து நீர் பாய்ச்சி விளைந்ததில் இருபதில் ஒன்று ஸகாத் என்பது அவர்களுடைய மார்க்கக் கணக்கு. அவர் கொண்டுவந்தது அந்தக் கணக்கையும் தாண்டியது.

தையில் பள்ளிக்கூடம் திறந்தபோது கூரை இல்லை. மரத்தடியில் பாடம். அந்த ஆண்டு ஒளிவிழாவும் நடக்கவில்லை. நான் சேரிடம் அம்மம்மாவின் கேள்வியைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கிழவி சொன்னது சரி. ஆனா தத்துவெட்டியும் சும்மா இருக்கப்படாது" என்றவர், அடுத்த நாள் கரும்பலகையில் புது முடிவு எழுதினார்:

கதவு திறந்தது, உள்ளே வா தம்பி;
கஞ்சியைக் குடித்தொரு பாட்டினைப் பாடு;
விதைப்பு நாளிலே வரம்பினில் நில்லு;
வெயில்வரும் மட்டும் இதுஉன் வீடு.

இதைவிட நல்ல முடிவை எந்த மொழியிலும் நான் வாசித்ததில்லை. பசியோடு திருப்பி அனுப்பவில்லை. சும்மா இருந்து தின்னவும் விடவில்லை. முதலில் கஞ்சி, பிறகு வேலைக்கு அழைப்பு. அந்த வரிசை மாறக்கூடாது. பசித்தவனுக்கு முதலில் புத்தி சொல்லி, பிறகு சோறு போடுகிறவர்கள் பெரும்பாலும் சோற்றுக்கு வருவதே இல்லை.

பாட்டுக்காரனைச் சோம்பேறியாக்கியதும் இந்தக் கதையின் பழைய குறை. மட்டக்களப்பு வயலில் பாட்டு வேலையோடு கூடப் பிறந்தது. சூடடிக்கும் களத்தில் இரவிரவாக மாடு வளைக்கும்போது பாட்டு இல்லையென்றால் ஆளும் தூங்கும், மாடும் நிற்கும். மண்டூர் வி.சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இந்தப் பக்கத்து வாழ்வையும் பாடல்களையும் பதிந்து வைத்தது. பெரியநீலாவணையில் பிறந்த கவிஞர் நீலாவணன் எங்கள் வயல் வாழ்வையே 'வேளாண்மை' என்று காவியமாக்கினார். 1975இல் அவர் மறைந்து, 1982இல்தான் அது நூலானது. உழுவதையும் விதைப்பதையும் வெட்டுவதையும் பாட ஒரு கவிஞன் இருந்ததனால் இன்றைக்கு வெட்டு மெசின் பாயும் வயலில் அந்த உழைப்பின் நினைவு அழியாமல் இருக்கிறது. அதுவும் ஒரு சேமிப்பு.

இன்னொன்றும் உண்டு. உழைக்கிறவன் கையில்தான் களஞ்சியம் இருக்கிறது என்று கதை எடுத்துக்கொள்கிறது. எங்கள் வட்டையில் அப்படி இருக்கவில்லை. வயல் போடியாருடையது, வெயிலிலும் சேற்றிலும் நின்றது முல்லைக்காரனும் கூலிக்காரனும். சொந்த வயல் வைத்திருந்தவர்களும் உரத்துக்கும் உழவுக்கும் பட்ட கடனுக்காகக் களத்திலேயே நெல்லை விற்றார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை விழும் நேரமும் அதுதான். எறும்பைவிடக் கூடுதலாக உழைத்தும் மாரியில் வெறும் பானையோடு இருந்த குடும்பங்களை நான் அறிவேன். அவர்களைச் சோம்பேறி என்று சொல்ல இந்தக் கதையை எடுப்பவர்கள் கதையையும் அறியவில்லை, வயலையும் அறியவில்லை.

எறும்பைப்போல் நாங்களும் கதவைச் சாத்திய காலம் உண்டு. 1990இல் எங்கள் கரையின் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் இரத்தம் சிந்தின. நிறைந்த பட்டறையை விட்டுவிட்டு உயிரை மட்டும் கொண்டு ஓடியவர்கள் இரு பக்கத்திலும் இருந்தார்கள். அந்தக் காலத்தில் காக்கா வீட்டுக் கதவும் எங்கள் வீட்டுக் கதவும் ஒன்றுக்கொன்று மூடிக் கிடந்தன. அது எங்கள் தலைமுறையின் பெருந்துயரம். 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்து கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளை அள்ளிக்கொண்டு போனபோது, வயல்கரை ஊர்களில் அன்றைக்கே அண்டா ஏறியது. சோறு பார்சல் பார்சலாகத் தாம்போதியைக் கடந்து போனது. கட்டிய கைகளில் எங்கள் ஊர்க் கைகளும் இருந்தன. பதினான்கு ஆண்டு மூடியிருந்த கதவுகள் பல அன்றைக்குத்தான் திறந்தன.

உழைத்தும் பட்டறை நிறையாத காலம் பிறகும் வந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதியை அரசு ஒரே வீச்சில் நிறுத்தியது. விவசாயி வழக்கம்போல உழுதான், விதைத்தான், நீர் கட்டினான். உழைப்பில் குறைவில்லை. மேலே முன்யோசனை இல்லை. பெரும்போக விளைச்சல் விழுந்தது. அடுத்த ஆண்டு அரிசி விலை ஏறியது. திட்டமிடாத அரசின் கீழே ஓர் ஊர் முழுக்க எறும்பாக இருந்தாலும் பட்டறை நிறையாது.

எறும்பும் வெட்டுக்கிளியும் கதையை நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும். கையிலிருப்பதையெல்லாம் திருநாளோடு முடிக்காமல் விதைநெல்லை முதலில் ஒதுக்கும் பழக்கம் அவர்களுக்கு வேண்டும். கைபேசிக்கும் கலியாண வீட்டுக்கும் கடன் பட்டுத் தவிக்கும் இந்தக் காலத்தில் அது இன்னும் கூடுதலாக வேண்டும். ஆனால் ஆசிரியர்களே, பெற்றோரே, எறும்பு கதவைச் சாத்துவதோடு கதையை முடிக்காதீர்கள். முடிவைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். வீட்டில் அம்மம்மாவிடமும் மூத்தம்மாவிடமும் கேட்டுவரச் சொல்லுங்கள். சேர்த்து வைக்கக் கற்ற பிள்ளைக்குத் திறந்து கொடுக்கவும் கற்றுக்கொடுங்கள்.